விசையும் எழுத்தும்

நன்றும் தீதும் எதிரெதிரே நிற்குங்கால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் எவர்க்கும் எளிது. இரண்டும் நன்றாய் நிற்குங்காலன்றோ அறிவுக்கு வேலை உண்டாகிறது! பாடம் தெரிந்துகொள்ளப் புகும் மாணவனும், சந்தையில் மாடு பிடிக்கப் போகும் உழவனும் இரண்டு நல்லவற்றினிடையே நின்று தடுமாறுதலை நாம் காண்கிறோம். அத்தகைய தடுமாற்றம் 2009-ஆம் ஆண்டில் எமக்கும் நேர்ந்தது. விசைகள் பதித்த திறன்பேசிகள் இரண்டனுள் எதனைக் கொள்வது என்பதே எம் முன் நின்ற வினா. பொருள் சிறிதே, ஆயினும் அதனை ஆராயப் புகுந்தவிடத்து எம் இல்லத்துக் குறை ஒன்றும், எம் தாய்மொழியின் நிலையும் ஒருங்கே எம் கண்முன் வந்து நின்றமையால், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இன்று கல்லூரியிற் புகும் இளைஞர் பலர் விசைகளையுடைய திறன்பேசியைத் தொட்டும் அறியார். அவர்கட்குக் கருவி என்பது ஒரு கண்ணாடிப் பலகை. அந்நாளிலோ திரையின்கீழே உளுந்துமணி போன்ற விசைகள் முப்பதுக்கு மேற்பட்டன வரிசை வரிசையாக நிற்கும். இரு கட்டைவிரல்களாலும் அவற்றை அழுத்தி எழுதுவோம். அழுத்தியது விரலுக்குத் தெரியும். ஆதலின் கண் அதன்பாற் செல்ல வேண்டுவதில்லை. நடந்துகொண்டும், பேருந்தில் நின்றுகொண்டும், பேசுவார் முகத்தை நோக்கிக்கொண்டும் எழுதவல்லார் பலர் இருந்தனர். அவ்விசைகளின் அடைவு புதிதன்று. அமெரிக்க நாட்டு ஷோல்ஸ் என்பார் வகுத்து, 1874 முதல் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்ற தட்டச்சுப் பொறியின் அடைவே அது. இளமையில் தட்டச்சுப் பயிலகத்திற் பத்து விரல்களாலும் பயின்ற அவ்வடைவு உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடத்தலைக் கண்டபோது, பழைய நண்பரொருவரைக் குழந்தை வடிவிற் கண்டாற்போல் யாம் மகிழ்ந்தோம்.

எம் முன் நின்ற போட்டியாளர் இருவர். ஒன்று, கனடா நாட்டு ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தாரின் பிளாக்பெர்ரி போல்ட் 9000; மற்றொன்று, பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்தாரின் ஈ71. இரண்டும் 2008-இல் வெளிவந்தவை. முன்னதன் விசைகள் ஒரு காட்டுப்பழத்தின் மணிகளை ஒத்திருந்தமையால் அப்பழத்தின் பெயரையே பெற்றன என்பர். பின்னதன் குலமோ 1865-இல் காகித ஆலையாகத் தொடங்கியது. கடிதத்துக்குத் தாள் செய்தோர் வழியினரே தாளில்லாக் கடிதத்துக்கும் கருவி செய்தனர் என்பது எமக்கு இனிய வியப்பாயிற்று.

இரண்டையும் தராசிலிட்டுப் பார்த்தோம். போல்ட் கருவி 66 மில்லிமீட்டர் அகலமுடையது. ஆதலின் விசைகள் நெருக்கமின்றி அமைந்தன. வரிசைகளுக்கிடையே மெல்லிய உலோகக் கோடுகள் ஓடின. விரல் ஒரு வரிசையினின்று மறுவரிசைக்கு வழுவாது ஏறி இறங்கும். ஈ71 கருவியின் அகலம் 57 மில்லிமீட்டரே, விசைகள் சிறியன, ஆயினும் ஒவ்வொன்றும் நடுவே சற்றுப் புடைத்திருந்தமையால் விரலுக்குப் பிடி கிடைத்தது. போல்ட் திரையில் 1,53,600 ஒளிப்புள்ளிகள், ஈ71 திரையில் 76,800, சரியாக இரட்டை. அதற்கீடாக, ஈ71 கருவி 10 மில்லிமீட்டர் தடிப்பும் 127 கிராம் எடையுமே உடையதாய்ச் சட்டைப்பைக்கு உறவாயிற்று. படம் பிடித்தலில் அதற்கு 3.2 மெகாபிக்சல், போல்டுக்கு 2. மின்கலம் இரண்டுக்கும் 1500 மில்லியாம்பியர்-மணி. ஈ71-இல் வானொலி உண்டு, போல்டில் இல்லை.

இவற்றினும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. மின்னஞ்சல் வந்தவுடன் தானே கருவிக்கு ஓடிவருதல் போல்டின் பெருஞ்சிறப்பு. ஆனால் அவ்வஞ்சல் நிறுவனத்தாரின் சொந்த வழங்கிகள் வாயிலாகவே வரும். அதற்கென மாதந்தோறும் தனிக்கட்டணம் செலுத்த வேண்டும். ஈ71 கருவியோ எளிய இணைய இணைப்பைக்கொண்டே அஞ்சலைச் சென்று எடுத்துவரும். அலுவலகத்தார் பணம் செலுத்தும் அதிகாரிக்கு முன்னது ஏற்றது. தன் ஊதியத்தில் வாங்கும் ஆசிரியனுக்குப் பின்னது ஏற்றது. நண்பர் இரு கட்சியாய்ப் பிரிந்து, தேநீர் ஆறும்வரை வாதிட்டனர். யாம் ஈ71 கருவியையே கொண்டோம். ஐந்தாண்டு உழைத்தது; பன்முறை கீழே விழுந்தும் உடைந்திலது.

இத்துணையும் கருவியின் வரலாறு. இனி எம் இல்லத்துக் குறையைச் சொல்லுதும். எம் அன்னையார் தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூரில் தனியே வாழ்ந்தனர். முதுமையிற் செவிப்புலன் முற்றும் நீங்கிற்று. ஆதலின் தொலைபேசிப் பேச்சு அவர்க்குப் பயன்படவில்லை. கண்பார்வை நன்றாயிருந்தது, தமிழை விரைந்து படிப்பார், ஆங்கில எழுத்து ஒன்றும் அறியார். சென்னையிலிருந்து யாம் இடும் அஞ்சலட்டை சேர மூன்று நாளாகும். குறுஞ்செய்தியோ ஒரு நொடியிற் சேரும். இரண்டு கருவிகளையும் கடையில் எடுத்துப் பார்த்தபோது, எழுத்துகளை எண்ணிப் பார்த்தோம். ஆங்கில எழுத்து இருபத்தாறும் இரண்டிலும் இருந்தன. தமிழெழுத்து ஒன்றேனும் ஒன்றிலும் இல்லை.

ஆதலின் அந்நாளிற் பல்லாயிரவர் செய்தவாறே யாமும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினோம். பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுவன் அதனைப் படித்து, ஒரு தாளில் தமிழாக்கி அன்னையார் கையிற் கொடுப்பான். ஒருநாள் எமக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். மருந்தினால் வலி தெரியவில்லை என்று எழுதினோம். வி, ஏ, எல், ஐ என்னும் நான்கு எழுத்துகள் வலிக்கும் ஆகும், வழிக்கும் ஆகும். சிறுவன் ‘வழி தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். சில நாள் கழித்து அன்னையாரின் அட்டை வந்தது: “ஐயா, வழி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாயே. வேலை போய்விட்டதா? உள்ளதை மறைக்காதே. இரண்டு இராத்திரியாக எனக்குத் தூக்கம் இல்லை.” இது கருவியின் குற்றமுமன்று; சிறுவன் குற்றமுமன்று. லகரமும் ழகரமும் தம் வீட்டை விட்டுப் பிறர் வீட்டில் ஒரே பாயிற் படுக்க நேர்ந்ததன் விளைவு அது.

விசைகளிலே தமிழைப் பொறித்தல் இயலாத காரியமா? அன்று. 247 எழுத்துகளையுடைய தமிழை, உறுப்புறுப்பாகப் பிரித்துத் தட்டச்சுப் பொறியில் அமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அவர்கள் அதனை முன்னரே மெய்ப்பித்தார். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் பெரும்பாலும் கைக்கொன்றாய்ப் பிரிந்து நிற்கும் தமிழ்99 அடைவை 1999-இல் தமிழ்நாட்டு அரசினர் ஏற்றுக்கொண்டனர். திறன்பேசிகளிலேயே அரபு எழுத்தும் உருசிய எழுத்தும் பொறித்த விசைகள் அவ்வந் நாட்டிற் கிடைத்தன. ஆனால் விசை என்பது அச்சில் வார்த்த பொருள். ஒரு மொழிக்கு வார்த்ததை மறுமொழிக்கு மாற்றல் ஆகாது. ஒவ்வொரு மொழிக்கும் தனியே வார்த்துத் தனியே விற்க வேண்டும். ஆங்கில விசையையே வாங்கிக்கொள்ளும் மக்களுக்கு வேறு விசை வார்ப்பார் யார்? தமிழர் கேளாமையாலே வணிகர் கொடாராயினர்.

இடையே வழி கண்டவரும் உண்டு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் அவர்கள் ஆக்கிய செல்லினம் 2005-இலேயே குறுஞ்செய்தியிற் தமிழைக் கொணர்ந்தது. ஆயினும் எழுத்துரு இல்லாத கருவியிற் தமிழ்ச்செய்தி வெறுங்கட்டங்களாகவே தோன்றும். அன்னையாரின் எளிய கருவி அத்தகையது. ஓபரா மினி என்னும் உலாவியிலே மறைந்திருந்த ஓர் அமைப்பை மாற்றின், தமிழ்ப் பக்கங்கள் படங்களாக மாறிவந்து படிக்கக் கிடைக்கும். யாமும் அவ்வாறு இரவெல்லாம் படித்ததுண்டு. அது படிப்பதற்கு வழி, எழுதுதற்கு வழியன்று.

வழி திறந்தது எம் நண்பர் எள்ளி நகைத்த கண்ணாடியினால். 2007-இல் ஆப்பிள் நிறுவனத்தார் விசைகளை அறவே நீக்கி ஐபோனை வெளியிட்டபோது, கண்ணாடிமேல் எழுதுதல் தண்ணீர்மேல் எழுதுதல் போலும் என்று யாமெல்லாம் பேசினோம். விரலுக்குப் பிடியில்லை என்றது உண்மையே. ஆனால் கண்ணாடியில் எழுத்து பொறிக்கப்படுவதில்லை, வரையப்படுகிறது. வரைந்ததை அழித்து வேறு வரையலாம். 2013-இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையை உடன்கொண்டே வந்தது. ஆண்ட்ராய்டு கருவிகளிற் செல்லினம் முதலிய செயலிகள் அவ்வேலையைச் செய்தன.

2014-இல் எமக்கொன்றும் அன்னையார்க்கொன்றுமாகக் கண்ணாடிக் கருவிகள் இரண்டு வாங்கினோம். ஒரு வாரம் உடனிருந்து பழக்கினோம். யாம் சென்னை திரும்பிய அன்று அவர் தம் கையால் எழுதிய முதற்செய்தி வந்தது: “ஐயா, வலி வேறு, வழி வேறு. இனிப் பார்த்து எழுது.” படித்து நகைத்தோம். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு மற்றொரு செய்தி வந்தது: “காது கேளாததால் கதவை யாராவது தட்டினாலும் எனக்குத் தெரியாது. இராத்திரி ஆனால் பயமாக இருக்கிறது. பகலில் அட்டை எழுத உட்கார்ந்தால் இது பெரிதாகத் தோன்றாது, எழுதாமல் விட்டுவிடுவேன். அந்தப் பிள்ளையிடம் சொல்லவும் வெட்கம்.” இத்தனை யாண்டும் அஞ்சலட்டைக்கும் எட்டாது, அயலார் கண்ணுக்கும் காட்டலாகாது கிடந்த ஒரு சொல், அந்த நள்ளிரவில் தன் எழுத்திலே தானே எழுந்து வந்தது. அடுத்த திங்களே அன்னையாரை எம்முடன் அழைத்துக்கொண்டோம்.

அவ்விரு போட்டியாளரும் பின்னர் என்னாயினர் என்று வினவுவீராயின், சொல்லுதும். நோக்கியாவின் கைபேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் கைக்குச் சென்றது. 2006 முதல் நம் நாட்டு இளைஞரும் மகளிரும் உழைத்த ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. பிளாக்பெர்ரி நிறுவனத்தார் 2016-இற் கருவி செய்வதை விடுத்தனர். சீன நாட்டு டிசிஎல் நிறுவனத்தார் அப்பெயராற் கீ-ஒன், கீ-டூ என்னும் விசைக்கருவிகளை 2017-இலும் 2018-இலும் வெளியிட்டனர். அவ்வுடன்படிக்கையும் 2020-இல் முடிந்தது. 2022 ஜனவரி 4-ஆம் நாள் பழைய பிளாக்பெர்ரிக் கருவிகளுக்குரிய சேவைகள் நிறுத்தப்பட்டன. அகல விசைக்காரரும் சிறு விசைக்காரரும் ஒருவரையொருவர் வெல்ல முயன்றிருக்கையில், விசையே இல்லாதது இருவரையும் வென்றது.

மாணவ நண்பர்காள்! விசைமேல் உள்ள காதல் எமக்கு இன்னும் நீங்கிற்றில்லை. யூனிஹெர்ட்ஸ் டைட்டன் போன்ற விசைக்கருவிகள் அண்மை ஆண்டுகளில் மீண்டும் தோன்றியுள்ளன. ஐபோனுக்கு அடியிற் பூட்டும் விசைப்பலகையும் 2024-இல் வெளிவந்தது. அவற்றைக் காணும்போதெல்லாம் எம் கட்டைவிரல்கள் தாமே துடிக்கின்றன. நீங்களும் வாங்க விரும்பினால் வாங்குமின். எடையும் திரையும் மின்கலமும் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவரிடம் யாம் இப்பொழுது முதற்கண் கேட்பது வேறொன்று: “ஐயா, இதில் ழகரத்தை எழுதிக் காட்டுக.” அவர் எழுதிக் காட்டிய பின்னரே விலை கேட்கிறோம்.