லைற் எரியுது, ஸ்ராட் வரேல்லை

"லைற் நல்லா எரியுது, ஹோணும் அடிக்குது, ஸ்ராட்தான் வரேல்லை." பழைய மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ-40 ஐயோ தள்ளிக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்து அச்சுவேலிக் கராஜ் வாசலில் விடுகிறவர் அநேகமாக இப்படித்தான் தொடங்குவார். அடுத்த வசனத்தையும் அவரே சொல்லிவிடுவார்: "பற்றறி செத்துப்போச்சுப் போலை." இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் புதுப் பற்றறி ஒன்றின் காசு வீணாகப் போகிறது.

லைற் எரிவதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. முன் லைற் இரண்டும் சேர்ந்தே 7, 8 அம்பியர்தான் இழுக்கும். ஸ்ராட்டர் மோட்டர் 150 அம்பியர் கேட்கும், சில வேளை இன்னும் கூட. பற்றறி முனைக்கும் அதைக் கவ்வியிருக்கிற ஈயத் தொப்பிக்கும் இடையில் 0.02 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். லைற்றுக்குக் குறைவது 0.15 வோல்ற், கண்ணுக்கே தெரியாது. ஸ்ராட்டருக்கோ 3 வோல்ற் போய்விடும். அந்த 3 வோல்ற் காற்றில் கரைந்துவிடாது. முனையிலேயே நின்று 450 வோற்ஸ் சூடாக இறங்கும். சின்ன அயன்பெட்டி ஒன்றின் சூடு, பெருவிரல் அளவு ஈயத்துக்குள்.

அதனால்தான் பழைய மெக்கானிக்மார் மீற்றரைத் தேடி ஓடுவதில்லை. நாலைந்து செக்கன் செல்ஃபை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முனை, வயர், சுவிச், ஏர்த் என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துக்கொண்டு போவார்கள். "எது சுடுதோ அதுக்குத்தான் தம்பி வருத்தம்" என்பார் நான் பார்த்துப் பழகிய ஒருவர். மீற்றர் வைத்திருக்கிறவர்கள் செய்ய வேண்டியதும் இதுவே. சும்மா நிற்கிற காரில் 12.6 வோல்ற் காட்டுகிறது என்று சந்தோசப்படக் கூடாது. ஒரு கம்பியைப் பற்றறி முனையிலும் மற்றதை அதன் தொப்பியிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டியிருப்பவை, கிட்டத்தட்டப் பூச்சியந்தான் வர வேண்டும். 1 வோல்ற் வந்தால் பற்றறிக் கடைக்குப் போகத் தேவையில்லை.

மைனரின் பழைய தொப்பியை ஒருதரம் கழற்றிப் பார்த்தால் விசயம் விளங்கும். முனைக்கு மேலே கவிழ்த்து, உச்சியில் ஒற்றைத் திருகாணியால் இறுக்கிய ஈயம். ஈயம் மெத்தென்ற உலோகம். அழுத்திக்கொண்டே இருந்தால் நாளடைவில் இடங்கொடுத்துவிடும். திருகாணியைக் கொஞ்சம் கூட முறுக்கினால் புரி அழியும். வெளியே இறுக்கமாகத் தெரிவது உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கில் அமில ஆவி போய் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். பிறகு ஈயம் மினுங்கும்வரை சுரண்டி, இறுக்கி, கடைசியில் வசிலின். வயரின் உறைக்குள்ளேயும் செப்பு பச்சை பிடித்திருந்தால் துப்புரவாக்கிப் பிரயோசனமில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான்.

ஆனாலும் ஆளை ஏமாற்றுவதில் ஏர்த்தை மிஞ்ச ஒன்றுமில்லை. இஞ்சின் றப்பரில் இருக்கிறது. அதிலிருந்து பொடிக்கு மின் போக ஒரு பின்னல் பட்டிதான் வழி. அது அறுந்துவிட்டால், அல்லது கலியாணத்துக்கு ஓடவென்று காரைப் பளபளக்க வைத்த பெயின்ற்காரர் பட்டி பூட்டும் இடத்துக்கும் சேர்த்து இரண்டு கோட் அடித்துவிட்டால், ஸ்ராட்டரின் மின் வேறு வழி தேடும். கிடைப்பது சோக் கேபிளும் அக்சிலேற்றர் கேபிளும். செல்ஃப் அடிக்க அடிக்கச் சோக் குமிழ் கையில் சுடும், டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலிருந்து புகை வரும். சோக்கை மாற்றிக் காசு கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் கார் ஸ்ராட் வந்திராது.

சாமானை மாற்றுமுன் பூட்டின இடத்தைப் பார்க்கிற இந்தப் பழக்கம் இங்கே வேறு வழியில்லாமல் வேரூன்றியது. போர்க்காலத்தில், 1990 இல் அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோலும் தடை, பற்றறியும் தடை. பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய்தான், ஆனால் குளிர்ந்த இஞ்சினில் அது பற்றாது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய இங்கிலீசு இஞ்சின்கள் அதையும் தாங்கின. ஸ்ராட் வர நேரமெடுக்கும், பற்றறியோ கிழடு. அதில் மிச்சமிருந்த ஒவ்வொரு வோல்ற்றும் ஸ்ராட்டர்வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பம்பர் ஓட்டைக்குள் ஹாண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். தட்டுப்பாடு நல்ல வாத்தியார் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிவைத்துவிட்டு ஸ்ராட் வராமல் நின்ற வீட்டுக்காரரிடம் போய் அதைச் சொல்ல முடியாது. ஆனால் 2002 இல் ஏ-9 வீதி திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய பிறகு, தேடுகிற பொறுமை குறைந்தது உண்மை.

பற்றறிக்குத் தண்ணீர் விடுவதும் முனையின் சூட்டோடு சம்பந்தப்பட்டதுதான். வோல்ற்றேஜ் றெகுலேற்றர் சரியாக வேலை செய்யாமல் டைனமோ கூடுதலாகச் சார்ஜ் பண்ணினால் தண்ணீர் கொதித்து வற்றும், அமிலம் தெறித்து முனையைத் தின்னும். வற்றினதற்குக் கிணற்றுத் தண்ணீரை விடுகிறவர்கள் இப்போதும் உண்டு. எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே போதும். பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. குடிக்கிற வாய்க்குப் பொருந்துவது பற்றறித் தகட்டுக்குப் பொருந்தாது. காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் விட வேண்டும்.

பற்றறி வயர்களைக் கழற்றுகிற ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஏர்த் பக்கத்தை முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். ஜப்பான் கார்களில் கைபழகின பெடியன் கண்ணை மூடிக்கொண்டு மைனஸில் ஸ்பானரை வைப்பான். மொறிஸ் மைனர் கடைசிவரை பிளஸ் ஏர்த்தோடு வந்த கார். அதில் மைனஸ்தான் உயிருள்ள பக்கம். ஸ்பானரின் மறுமுனை பொனற்றில் தட்டினால் பொறி பறக்கும், ஸ்பானர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். றேடியோவுக்காகவும் ஓல்ற்றனேற்றருக்காகவும் மைனஸ் ஏர்த்துக்கு மாற்றின மைனர்களும் ஓடுகின்றன, ஆனால் மாற்றினவர்கள் அதை எங்கேயும் எழுதிவைப்பதில்லை. எந்த வயர் பொடியில் பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்.