ஒரு விநாடியின் அமானிதம்



நேரம் குறிக்கப்பட்ட கடமைகளைக் கொண்டவர்கள் நாம். ஐவேளைத் தொழுகை, ஸஹர் முடிவு, நோன்பு திறப்பு ஆகிய யாவும் சூரியனின் ஓட்டத்தைக் கொண்டு அமைந்தவை. இன்றோ அவற்றைக் கடிகாரத்தைப் பார்த்தே அறிகிறோம். அந்தக் கடிகாரத்தை எந்த அளவு நம்பலாம் என்னும் கேள்வி, சென்ற ரமளானுக்குச் சற்று முன் எங்கள் மஹல்லாவில் எழுந்தது. பள்ளிவாசலின் டிஜிட்டல் கடிகாரம் கைப்பேசிகளைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் முந்தியிருந்தது. நோன்பை ஒரு நிமிடம் முன்னதாகத் திறந்துவிடுவோமோ என்னும் கவலை, மோதினார் மீதான குறையாக மாறத் தொடங்கியது.

என் அக்காள் மகன் கணினி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் பணிபுரிபவர். அவரிடம் கேட்டேன். "மாமா, இப்போது எதையும் தொடாதீர்கள். ஒரு வாரம் தினமும் வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். மெல்ல விலகுகிறதா, திடீரென்று தாவுகிறதா என்பது முதலில் தெரிய வேண்டும்" என்றார்.

குறித்து வைத்தோம். நாளொன்றுக்கு இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவாக, ஒரே சீராக விலகியது. காரணத்தை அவர் விளக்கினார். கடிகாரத்தினுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடியும், மாதத்திற்கு 50 விநாடிக்கு மேலும் பிழை சேரும். கைப்பேசியின் படிகமும் பிசகக் கூடியதே. ஆனால் அது இணைப்பின் வழியே அவ்வப்போது தன்னைத் திருத்திக்கொள்கிறது. எனவே மோதினார் மீது குற்றமில்லை.

"சீராக விலகுவது எளிய நோய், தாவுவதுதான் கொடியது" என்ற அவர், 2012-இல் நடந்ததைக் கூறினார். பூமியின் சுழற்சி முற்றிலும் சீரானதன்று. அதனை ஈடுசெய்ய 1972 முதல் இதுவரை 27 முறை உலக நேரத்தில் ஒரு விநாடி கூட்டப்பட்டுள்ளது. 2012 ஜூன் 30 நள்ளிரவில், நமக்கு ஜூலை 1 காலை 5.30 மணிக்கு, அவ்வாறு கூட்டப்பட்டபோது லினக்ஸ் இயங்கிய சர்வர்கள் பல திணறின. ரெட்டிட், மொசில்லா போன்றவற்றின் சேவைகளும் பாதிக்கப்பட்டன.

திரையில் தெரிந்த நேரம் சரியாகவே இருந்தது. பிழை உள்ளே இருந்தது. கெர்னலில் நேரத்தைக் காக்கும் பகுதி வேறு. குறித்த கணத்தில் நிரல்களை எழுப்பும் டைமர் பகுதி வேறு. முன்னது அந்த விநாடியைச் சரிசெய்துகொண்டது, பின்னதற்கு அறிவிக்கவில்லை. அதனால் டைமர்கள் ஒரு விநாடி முந்தி ஒலித்தன. அரை விநாடி உறங்க எண்ணிய நிரல் உடனே எழுப்பப்பட்டது, மீண்டும் உறங்க முயன்றது, மீண்டும் எழுந்தது. ஓய்வின்றிச் சுழன்ற இந்த வேலையில் கணினியின் ஆற்றல் முழுதும் கரைந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே இயங்கும் நிரல்வரிகளில் ஒளிந்திருந்த பிழை இது. உடனடி மருந்தோ மிக எளியது: கணினியின் நேரத்தை அதே நேரமாக மீண்டும் ஒருமுறை அமைத்தால் போதும். அந்தச் செயல் டைமர் பகுதிக்கும் செய்தியைக் கொண்டு சேர்த்துவிடும். நிரந்தரத் திருத்தம் பின்னர் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

இதனை என் மாணவர்களுக்குப் பாடமாகவே சொன்னேன். அறிந்தவர் அறிந்ததோடு நின்றுவிட்டால், அதைக் கொண்டு செயல்பட வேண்டியவர் தடுமாறுவார். குடும்பத்திலும் ஜமாஅத்திலும் நிகழும் பல குழப்பங்களின் வேர் இதுவே. செய்தியைத் தெளிவாக அறியுமுன் ஒருவரைக் குறை கூறாதிருத்தல், சூரா அல்-ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கமும் அன்றோ!

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்கு முன் மோதினார் கடிகாரத்தைச் சரிபார்த்து, வித்தியாசத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறார். அது 12 விநாடியைத் தாண்டுவதில்லை. ஒருநாள் தாண்டினால் படிகத்தைத் தவிர வேறு கோளாறு உண்டு என்று அறிந்துகொள்வோம். உங்கள் பள்ளிவாசலிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் ரமளானில் அது பயன்படும்.