உடையும் சுவரும் உடையாத சுவரும்

சுவர் இடிப்பது என் தொழில். கடப்பாரை, ஜேசிபி எதுவும் கிடையாது, மவுஸும் கீபோர்டும்தான். கார் ரேஸ் கேம்களில் சாலையோரம் நிற்கும் பஸ் ஸ்டாப், டெலிபோன் பூத், கடைக் கண்ணாடி, பார்க்கிங் தூண் எல்லாம் வண்டி மோதினால் எப்படி நொறுங்க வேண்டும், எத்தனை துண்டாகச் சிதற வேண்டும், அந்தத் துண்டுகள் எவ்வளவு நேரம் தரையில் கிடக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்கிறவன் நான். பகலில் இந்த வேலை. ராத்திரியில் அடுத்தவர்கள் கட்டி வைத்ததை இடித்துப் பார்ப்பது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்பப் போய் இடித்துவிட்டு வரும் ஊர் ஒன்று உண்டு: ஷேட்டர் பே. 2012-இல் வெளிவந்த 'ரிட்ஜ் ரேசர் அன்பவுண்டட்' கேமில் வரும் கற்பனை நகரம். கேமின் பெயரை வைத்து எதையும் எதிர்பார்த்துவிடக் கூடாது. ரிட்ஜ் ரேசர் என்பது ஜப்பானின் நாம்கோ 1993-இல் ஆர்கேட் கூடங்களுக்காகச் செய்தது. அடுத்த ஆண்டு அங்கே முதல் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தபோது கூடவே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நீல வானம், கடலோரச் சாலை, வளைவு வளைவாக நீளும் சுத்தமான டிரிஃப்ட், அதாவது வண்டியின் வாலைச் சறுக்கவிட்டு வளைப்பது. அந்தக் குடும்பப் பெயரைத் தூக்கி ஹெல்சின்கியில் இருக்கும் பக்பேர் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்களோ 2004-இல் 'ஃபிளாட்அவுட்' செய்தவர்கள். கார் மோதினால் ஓட்டுநர் முன்கண்ணாடியைப் பிளந்துகொண்டு வெளியே பறப்பாரே, அந்த கேம். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கோபத்தில் நியாயமும் இருந்தது. இது ரிட்ஜ் ரேசரே இல்லை. ஆனால் வேறு பெயரில் வந்திருந்தால் இதே ஆட்கள் கொண்டாடியிருப்பார்கள் என்பது என் கட்சி.

ஆட்டம் எப்படியென்றால், டிரிஃப்ட் அடித்தால், முன்னால் போகிறவரின் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு போனால், வழியில் நிற்பதை உடைத்தால், பவர் மீட்டர் ஏறும். நிறைந்ததும் பட்டனை அழுத்தினால் கார் சீறும். அந்தச் சீற்றத்தில் எதிராளியை இடித்து நொறுக்கலாம். குறியிட்டுக் காட்டப்படும் பெரிய கட்டடங்களைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்க் குறுக்குவழி பிடிக்கலாம். சின்னச் சாமான்களை உடைக்க பவர் தேவையில்லை. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். உள்பக்கம் நடைபாதை, அதன் மேல் வரிசையாக கான்கிரீட் தூண்கள். சாதாரண ரேஸ் கேமில் அந்தத் தூண் வரிசைதான் சாலையின் எல்லை. அதைத் தொடாமல் வளைப்பது ஓட்டுகிறவனின் திறமை. அன்பவுண்டட் கேமில் அந்த வரிசைக்குள்ளேயே காரின் மூக்கை விடுகிறோம். தூண்கள் படபடவென்று உடைய, ஒவ்வொன்றுக்கும் மீட்டர் கொஞ்சம் ஏற, வளைவு முடிவதற்குள் பவர் கையில் இருக்கிறது. ஆக, வளைவின் சரியான பாதை தாரின் மேல் இல்லை, நடைபாதையின் மேல் இருக்கிறது. இது புரிந்த பிறகு ஊர் முழுவதும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எது சாலை, எது சுவர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது உடையும், எது உடையாது என்று பார்க்கத் தொடங்குவோம்.

உடைக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பலர் நினைப்பதுபோல, கார் மோதும் கணத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்து கான்கிரீட் எங்கே விரிசல் விடும் என்று கணக்குப் போடுவதில்லை. அதற்கு நேரமில்லை. தூண் ஏற்கெனவே உடைந்துதான் இருக்கிறது. கடலை மிட்டாய் சூடாக இருக்கும்போதே தட்டில் கோடு கீறி வைப்பார்களே, அதுபோல ஒவ்வொரு தூணையும் முன்பே துண்டு போட்டு வைத்துவிடுவோம். நிற்கும்போது காட்டுவது முழுத் தூண். மோதல் பதிவான ஃபிரேமில் அதை மறைத்துவிட்டு, துண்டு போட்ட தூணை அதே இடத்தில் வைக்கிறோம். இந்த ஆள்மாறாட்டம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புழுதி. சிமென்ட் தூசி அழகுக்குக் கிளம்புவதாக நினைப்பீர்கள். பாதி அழகு, பாதி திரைச்சீலை.

வேகம் இன்னொரு தலைவலி. மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 55 மீட்டர் கடக்கும். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கேம் என்றால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் கார் 1.85 மீட்டர் தாவிவிடுகிறது. சுவரின் கனமோ 20 சென்டிமீட்டர். காரை ஒரு புள்ளியாக மட்டும் கணக்கில் எடுத்தால், இந்த ஃபிரேமில் அது சுவருக்கு இந்தப் பக்கம். அடுத்த ஃபிரேமில் அந்தப் பக்கம். நடுவில் ஒரு மோதல் நடந்ததே கம்ப்யூட்டருக்குத் தெரியாது; ஆவி மாதிரி ஊடுருவிப் போய்விடும். அதனால் கார் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்காமல், இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே அது கடந்த பாதை முழுவதையும் ஒரு குழாயாகப் பாவித்து, குழாய்க்குள் ஏதாவது சிக்குகிறதா என்று துழாவ வேண்டியிருக்கிறது.

இனி, பொய் சொல்லும் கட்டம். நிஜத்தில் கான்கிரீட் தூணில் கார் மோதினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தூண் நிற்கும். ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்காரர்கள் செய்யும் 'பீம்என்ஜி டிரைவ்' அந்த உண்மையை அப்படியே காட்டுகிறது: காரின் உடம்பே நூற்றுக்கணக்கான புள்ளிகளும் அவற்றை இணைக்கும் தண்டுகளுமாகக் கட்டப்பட்டிருப்பதால், தூணைச் சுற்றி முன்பக்கம் மடங்கி, என்ஜின் நகர்ந்து, சக்கரம் கோணிக்கொண்டு கார் செத்துப்போகும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தத் தூணோடு ரேஸ் முடிந்தது. ஆர்கேட் கேமில் தூண் உடைய வேண்டும், காரின் வேகம் குறையவே கூடாது. ஆகவே துண்டுகள் பார்வைக்கு கான்கிரீட், கணக்குக்கு தெர்மாகோல். அவை ஒன்றோடொன்று மோதும், தரையில் உருளும். காரை மட்டும் தள்ளாது. சிதறும்போதும் முன்னும் மேலுமாகப் பறக்கவேண்டும். கேமராவுக்கும் காருக்கும் நடுவே ஒரு பெரிய துண்டு வந்துவிட்டால் அடுத்த வளைவு மறைந்துவிடும் என்பதால், அந்த இடைவெளிக்குள் நுழைகிற துண்டுகளைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவோம்.

இத்தனையும் எவ்வளவு இடத்துக்குள் நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். அன்பவுண்டட் ஓடிய பிளேஸ்டேஷன் 3-இல் மொத்த நினைவகம் 512 எம்பி, அதுவும் பாதி பொது உபயோகத்துக்கு, பாதி படம் வரைய என்று பிரித்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இலும் அதே 512 எம்பிதான். இன்றைக்குச் சாதாரண போன்கூட இதைவிடப் பல மடங்கு வைத்திருக்கிறது. அதனால் துண்டுகளுக்கு ரேஷன் உண்டு: புதிய துண்டுகள் பிறக்கவேண்டுமானால் பழையவை போகவேண்டும். நீங்கள் திரும்பிப் பார்க்காத பக்கத்திலிருந்துதான் அவை முதலில் போகும்.

ஆனால் உடைப்பதல்ல கடினம். கையில் நல்ல கருவி இருந்தால் ஊரையே ஒரு வாரத்தில் துண்டு போட்டுவிடலாம். கடினமானது, எதை உடையாமல் விடுவது என்பது. எல்லாமே உடைந்தால் சாலை என்று ஒன்று இருக்காது. வளைக்கவும் தேவையில்லை, நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். உடையாத சுவர்தான் தடத்தைத் தாங்கி நிற்கிறது. அது உடையாது என்பது ஓட்டுகிறவனுக்கு 100 மீட்டர் முன்னாலேயே, படிக்காமலேயே தெரியவேண்டும்.

இதை அசைக்க முடியாத அளவுக்குத் தெளிவாகச் செய்தவர்கள் இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் கிரைட்டீரியன். 2008-இல் வந்த 'பர்ன்அவுட் பாரடைஸ்' கேமில் உடைக்கக்கூடிய வேலிக்கதவு என்றால் மஞ்சள். மொத்தம் 400 கதவுகள், ஊரெல்லாம். அத்தோடு 120 விளம்பரப் பலகைகள். மஞ்சளைக் கண்டால் நுழை, அதன் பின்னால் ஒரு வழி நிச்சயம் உண்டு. தன்மானமுள்ள எந்த ஓவியனுக்கும் அந்த மஞ்சள் முதலில் உறுத்தும். தெருவின் நிறத்தோடு அது சேராது. சேரக்கூடாது என்பதுதானே ஏற்பாடு.

பக்பேர்காரர்கள் இதில் கொஞ்சம் பிசகினார்கள் என்றுதான் சொல்வேன். பெரிய இலக்குகளுக்குக் குறி போட்டார்கள், சரி. சின்னச் சாமான்களை ஓட்டுகிறவனின் ஊகத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆளுயரத் தூண் பொடியாகிவிடும். பக்கத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி நிற்கிற ஒரு முனை காரை நிறுத்தி நொறுக்கிவிடும். கேம் வந்த புதிதில் பலர் திட்டியது இதைத்தான். டிரிஃப்ட் பட்டன் விஷயத்திலும் அப்படியே: பிரேக்கைத் தட்டி வளைக்கிற பழைய பழக்கம் இங்கே செல்லாது, பட்டனைப் பிடித்துப் பிடித்து விடவேண்டும், இதைக் கேம் ஒழுங்காகச் சொல்லித் தரவே இல்லை. முதல் ஓரிரு ரேஸோடு தூக்கிப் போட்டவர்கள் அநேகம்.

'ஸ்பிளிட் செகண்ட்' வேறு பள்ளி. பிரைட்டனில் இருந்த பிளாக் ராக் ஸ்டுடியோ 2010-இல் செய்தது. ஒரு டிவி ரியாலிட்டி ஷோவுக்காக ஊர் முழுக்க வெடி வைத்திருக்கிறார்கள் என்பது கதை. இங்கே நீங்கள் கார் கொண்டு இடிப்பதில்லை. டிரிஃப்டிலும் காற்றுமறைவிலும் சேர்த்த பவரைச் செலவழித்து, எதிராளி சரியான இடத்துக்கு வரும்போது பட்டனைத் தட்டினால் அவர் தலையில் கட்டடம் விழும். மூன்று கட்டம் கொண்ட மீட்டர். ஒரு கட்டத்துக்குச் சின்ன வெடி, மூன்றும் சேர்ந்தால் பாதையே மாறிவிடும் அளவுக்குப் பெரிய இடி. விமான நிலையத் தடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் சாய்ந்து வரும் காட்சியைப் பார்த்து என் தொழிலில் இருக்கும் எவனும் ஒரு நிமிடம் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருப்பான். மீட்டரைத் திரையின் மூலையில் வைக்காமல் காரின் பின் பம்பருக்குக் கீழேயே ஒட்டியது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். கண் சாலையை விட்டு நகரவே வேண்டாம்.

இருந்தாலும் அது அரங்கேற்றம். ஒவ்வொரு இடியும் ஓவியர்கள் கையால் அசைத்து வைத்தது. எப்போதும் அதே பக்கம், அதே நேரத்தில்தான் விழும். முதல் முறை மூச்சு நிற்கும். பழகிவிட்டால் பாலம் எந்தத் தூணில் முறியும் என்று நமக்கே தெரிந்து, அதற்கு முன்னால் ஒதுங்கிக்கொள்வோம். அன்பவுண்டட் கேமின் அற்பத் தூண் இவ்வளவு பிரமாதமாக விழாது. ஆனால் எந்தக் கோணத்தில் மோதினோமோ அந்தக் கோணத்துக்குத் தகுந்த மாதிரி விழும். கணக்குப் பார்த்தால் எனக்கு அதுதான் பிடிக்கிறது. பாலம் விழுவதைப் பார்க்கிறவனாக இருப்பதைவிட, தூணை இடிக்கிறவனாக இருப்பது.

ஃபிளாட்அவுட்டில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. முதல் சுற்றில் உடைத்தது இரண்டாவது சுற்றிலும் கிடக்கும். மரக்கட்டை, டயர், தகரம் எல்லாம் சாலையில் பரவி, நீங்கள் போட்ட குப்பையிலேயே நீங்கள் வழுக்குவீர்கள். தடம் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே போகும், யாரும் திட்டமிடாமலேயே.

இந்த வகை கேம்களுக்கு வெளியே ஒரு நிஜ உலகமும் இருக்கிறதே. இங்கிலாந்தின் எவல்யூஷன் ஸ்டுடியோஸ் செய்த 'மோட்டார்ஸ்டார்ம் அபோகலிப்ஸ்' நிலநடுக்கத்தில் குலைந்துகொண்டிருக்கும் ஒரு நகரத்துக்குள் நடக்கும் ரேஸ். வெளியீட்டுக்குத் தயாராக இருந்தபோது, 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. ஜப்பானில் அந்த கேமை வெளியிடவே இல்லை. அது சரியான முடிவு. அதற்குப் பிறகு, என் மேஜைக்கு வரும் கட்டடங்களில் ஜன்னலோரத் துணிக்கொடி, பால்கனிச் செடி மாதிரியான சாமான் இருந்தால் அதை உடைக்கிற பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்பேன். பார்க்கிங் கட்டடம், கிடங்கு, ஆளில்லாத கடை, இவை போதும்.

பிளாக் ராக் 2011-இல் மூடப்பட்டது, எவல்யூஷன் 2016-இல். பக்பேர் கட்டடங்களை விட்டுவிட்டுக் கார்களை நசுக்கப் போய், 2018-இல் 'ரெக்ஃபெஸ்ட்' கேமை முழுதாக வெளியிட்டார்கள். தகரம் கசங்குவதில் அதற்கு ஈடு சொல்ல யோசிக்கவேண்டும். பெரிய பட்ஜெட்டில் தெருவை இடிக்கும் ரேஸ் இப்போது அபூர்வம். நிஜக் கம்பெனிகளின் கார்களை வாங்கிப் போட்டால் அவை கன்னாபின்னாவென்று நசுங்குவதைப் பொதுவாக அந்தக் கம்பெனிகள் ரசிப்பதில்லை என்பது ஒரு காரணம். திறந்தவெளி உலகங்கள் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு தூணையும் துண்டு போட ஆள் போதாது என்பது இன்னொன்று.

அன்பவுண்டட் கையில் கிடைத்து ஆடப் போகிறவர்கள் முதலில் ஜெயிக்கப் பார்க்கவேண்டாம். மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, நடைபாதையில் நிற்கும் ஒவ்வொரு சாமானையும் லேசாக உரசிப் பாருங்கள். உடையாதவை எவை என்று மட்டும் மனதில் வையுங்கள். டிரிஃப்ட் பட்டனை வளைவுக்குள் நுழைந்தபின் அல்ல, நுழைவதற்குச் சற்று முன்னால் தொட்டு, வால் அசைந்ததும் விட்டு, மறுபடி தொடவேண்டும். நகரத்தைத் துண்டு துண்டாக அடுக்கி நாமே தடம் கட்டும் வசதியும் அதில் இருக்கிறது. முதல் தடம் கட்டும்போது எல்லோரும் செய்வதுபோல நானும் உடைகிற சாமான்களாகத் தேடித் தேடி அடுக்கினேன். இப்போது வளைவு எங்கே இறுக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்கிறேன். இடிக்கிற சாமான் அதற்குப் பிறகுதான்.