மூச்சு எங்கே எடுத்தார்?

எங்கள் அப்பாவுக்கு இழுப்பு. மார்கழி வந்தால் ராசிபுரம் வீட்டில் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் நாலு இடத்தில் நிற்பார். "டேய்... அந்த... ரேடியோவைப்... போடு."

காலை மங்கள இசை. அதிலும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்றால் காபி ஆறிப்போகும். பக்கத்து ஊர்க்காரர் என்கிற பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகஸ்வரத்தில் விரல் வைக்கிற துளை ஏழுதான். துளையைப் பாதி மூடி, பாதி திறந்து, சீவாளியில் உதட்டை இறுக்கி, தளர்த்தி மற்ற சுரங்களைக் கொண்டுவர வேண்டும். நாக்கால் தட்டித் தட்டி ஊதினால் அது துத்துகாரம். ஜோராக இருக்கும், கல்யாண வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாக்கைப் போடாமல், ஒரு சுரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்ததற்குப் போவது இருக்கிறதே, அதற்கு மூச்சுதான் முதல். வெள்ளைக்காரர்கள் லெகாட்டோ என்பார்கள். இத்தாலிய மொழியில் 'கட்டியது' என்று அர்த்தம்.

ஆர்மோனியத்துக்கு இந்த வழுக்கல் வராது. அதுவும் ஒரு காரணமாகத்தான் 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ அதற்குக் கதவைச் சாத்தியது. இத்தனைக்கும் துருத்தியில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, பாவம்!

ஒருநாள் ஆலாபனை நடுவே அப்பா விரலைத் தூக்கினார். "இப்ப... மூச்சு எடுத்தாரு... பாத்தியா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. "இல்லையேப்பா... ஒரே இழுப்பாத்தானே ஊதறாரு?"

"எடுக்காம... மனுசன் எப்படிடா... ஊதுவான்? பின்னாடி சுருதி... ஓடுதில்ல? ராகம் ஒக்கார்ற... எடமாப் பாத்து... அதுக்குள்ள எடுத்துக்கறாரு."

இத்தனை வருஷமாக அவர் ராகம் மட்டும் கேட்கவில்லை. அந்த இடங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

2001-ல் கிருஷ்ணன் காலமான செய்தி வந்த பேப்பரை அப்பா மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த மார்கழியைத் தாண்டாமல் அவரும் போய்விட்டார்.

இப்போது பேத்தி கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். ச... ரி... க... டைப்ரைட்டர் அடிப்பதுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது. போன வாரம் அவளை உட்காரவைத்து, செல்போனில் கிருஷ்ணனின் பழைய பதிவு ஒன்றைப் போட்டேன்.

"தாத்தா எங்க மூச்சு எடுக்கறாருன்னு சொல்லு பாப்போம்."

கண்ணை மூடிக் கேட்டாள். சட்டென்று விரலைத் தூக்கினாள். "இங்க!"

மூன்று தடவை பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் கேட்கவில்லை.