கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி எதுக்கு இத்தனை ஸ்கேன்?

இந்தத் தடவை வெள்ளாமை பத்தி இல்ல, வைத்தியம் பத்தி. நம்ம வயசு ஆம்பளைங்க எல்லாரும் படிக்கணும்னுதான் எழுதுறேன்.

எங்க பெரியப்பா மகன் அண்ணனுக்கு 67 வயசு. ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திரிப்பார். வயசானா அப்படித்தான்னு விட்டுட்டார். கடைசியில பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் எடுத்து, சதையையும் எடுத்துப் பார்த்ததுல புரோஸ்டேட்ல புற்றுநோய்னு தெரிஞ்சுது. வெளியில பரவல, ஹார்மோன் ஊசியும் 20 நாள் கரண்டும் போதும்னு டாக்டர் சொன்னார்.

ஆனா கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன்னு ரெண்டு எடுத்தாங்க. எடுத்துட்டு, "ரெண்டும் பொருந்தல, எம்.ஆர்.ஐ. திரும்ப எடுக்கணும், நாளைக்கு வாங்க"ன்னுட்டாங்க. அண்ணனுக்குக் கோபம் வந்துடுச்சு. "காசு புடுங்கத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறானுங்க. நான் இனிமே வரல. நாட்டு மருந்து சாப்பிட்டுக்கிறேன்"னு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டார். எதுக்குன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா இந்தக் கோபம் வந்திருக்காது. அந்த ஆஸ்பத்திரியில அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்ல.

நான் அவரைச் சமாதானப்படுத்தி உள்ள கூட்டிட்டுப் போனேன். கரண்டுக்குக் கணக்குப் போடுற பிசிசிஸ்ட் பொண்ணு எங்களைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு விளக்குச்சு.

புரோஸ்டேட் நெல்லிக்காய் அளவு சுரப்பி. வயசானா பெருசாகும். மேல மூத்திரப்பை, பின்னாடி மலக்குடல். கரண்ட் அதுங்க மேல அதிகமாப் பட்டா எரிச்சல் வரும், ரத்தம் போகும். அதனால எல்லை சரியாத் தெரியணும். சி.டி. படத்துல எல்லை மங்கல். அதை மட்டும் பார்த்து வரைஞ்சா சுரப்பி நெசத்தை விடப் பெருசா வந்துடுமாம். எம்.ஆர்.ஐ.ல எல்லை தெளிவாத் தெரியும். ஆனா உடம்புக்குள்ள கரண்ட் எங்க எவ்வளவு இறங்கும்னு கணக்குப் போட சி.டி.தான் வேணும். அதனால ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பொருத்தறாங்க.

எனக்கு உடனே நம்ம எப்.எம்.பி. படம்தான் ஞாபகம் வந்துச்சு. சர்வேயர் வந்தா வரப்பைப் பார்த்து அளக்க மாட்டார். வரப்பு வருசா வருசம் நகரும். அசையாத கல்லைத் தேடி அங்கிருந்துதான் சங்கிலி பிடிப்பார். இங்க இடுப்பெலும்புதான் கல்லு. முதல்ல எலும்பை எலும்போட சேக்குறாங்க.

"எலும்பு சரியாச் சேந்துடுச்சு ஐயா, ஆனா சுரப்பி சேரல, பாருங்க"ன்னு அந்தப் பொண்ணு காட்டுச்சு. சி.டி. எடுக்கறப்போ மூத்திரப்பை நிறைஞ்சிருந்துச்சு. எம்.ஆர்.ஐ. அன்னைக்கு அது பாதிதான், குடல்ல வாயு வேற. வாயு தள்ளுனா சுரப்பி சில மில்லிமீட்டர் நகந்துடும். எலும்பு அசையாது, சுரப்பி அசையும்; வரப்பு மாதிரிதான்.

அதுக்குத்தான் முன்னாடியே ஊசி வழியா மூணு தங்க மணியைச் சுரப்பிக்குள்ளயே வச்சிருந்தாங்க. அரிசியை விட ஒல்லி. சி.டி.ல வெள்ளையா, எம்.ஆர்.ஐ.ல கறுப்பாத் தெரியும். வரப்புக்குள்ளயே முளை அடிச்ச மாதிரி. மூணு புள்ளி இருந்தா நகந்ததும் தெரியும், திரும்பினதும் தெரியும். தினமும் கரண்ட் வைக்கிற மேசையிலயும் படம் எடுத்து அந்த மணிகளைப் பார்த்துத்தான் ஆளை நகர்த்துவாங்களாம்.

அண்ணன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துட்டு, "அப்ப தண்ணி குடிக்கிறதும் வைத்தியம்தானா பாப்பா?"ன்னு கேட்டார். "பாதி வைத்தியம் அதுதான் ஐயா"ன்னு சிரிச்சுச்சு. மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ.க்குக் காசும் வாங்கல.

அப்புறம் அண்ணன் ஒழுங்கா நடந்துக்கிட்டார். மொச்சை, பருப்பு குறைச்சார். காலையில வயித்தைக் காலி பண்ணிட்டு, ஒண்ணுக்குப் போயிட்டு, அரை லிட்டர் தண்ணி குடிச்சு, முக்கால் மணி நேரம் அடக்கிட்டு உக்காருவார். இது அவருக்குச் சொன்ன கணக்கு. உங்களுக்கு உங்க ஆஸ்பத்திரியில சொல்றதைக் கேளுங்க. 20 நாளும் முடிஞ்சுது. எரிச்சல் கொஞ்சம் இருந்துச்சு, இப்ப குறைஞ்சிருக்கு. பி.எஸ்.ஏ. மட்டும் சில மாசத்துக்கு ஒருக்காப் பார்த்துட்டே இருக்கணும்.

ஸ்கேன் பொருந்தலன்னு திருப்பி அனுப்புனா கோபப்பட்டுக் கிளம்பிடாதீங்க. ஏன்னு கேளுங்க, படத்தைக் காட்டச் சொல்லுங்க. நம்ம நிலத்தை அளக்க வர்றப்போ கூடவே நின்னு பாக்குறோம்ல? உடம்பும் நம்மளுதுதான். அப்புறம், ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு வந்தா அது புற்றுநோயாத்தான் இருக்கணும்னு இல்ல. ஆனா வெக்கப்பட்டு மறைக்காம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.