வில்லையும் தோலும் மரப்பட்டையும்

மீயொலி உணரி செய்யும் எங்களை அதிகம் பாடுபடுத்துவது, பீங்கான் முடிந்து வேறொரு பொருள் தொடங்கும் இடம்தான். எக்கோ பரிசோதனையில் நெஞ்சின்மேல் வைக்கும் கருவியின் தலைக்குள் பெரும்பாலும் இருப்பது ஈய சிர்கோனேட் டைட்டனேட். எங்கள் பேச்சில் பி.இசட்.டி. அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும். இவற்றில் முதல் பண்பை 1880இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களில் கண்டார்கள்.

பொடியை அரைத்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடுவோம். அந்தச் சூட்டில் ஈய ஆக்சைடு ஆவியாகி ஓடப் பார்க்கும். அதனால் மூடிய மூசைக்குள் வில்லைகளைச் சுற்றி ஈயச் சேர்மப் பொடியைப் பரப்பிவைப்போம். ஈய ஆவி உள்ளேயே நிறைந்திருந்தால் வில்லை தன் ஈயத்தை விடாது. வெந்து வந்த வில்லை இன்னும் ஊமைதான். உள்ளே ஒவ்வொரு துகளும் ஒரு திசை பார்க்கும். சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்கு 2,000, 3,000 வோல்ட் என்று மின்புலம் கொடுத்து, புலத்தை எடுக்காமலே ஆறவிட வேண்டும். பிறகுதான் அது பேசும். புதிதாக வரும் மாணவர்களை நான் முதலில் நிறுத்துவது இந்த மேசையில்தான். இங்கே கை பொறுமை பழகினால் மற்றவை தானே வரும்.

இனித்தான் அந்த எல்லை. ஒலிக்குப் பீங்கான் காட்டும் எதிர்ப்பு, உடல் திசுவைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. நேராக வைத்தால் ஐந்தில் நான்கு பங்கு ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். நடுவில் கால் அலைநீளத் தடிமனில் ஓர் இடைப்படலம் ஒட்டுகிறோம். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புகாமலிருக்க ஜெல். இத்தனையும் சரியாக அமைந்தால்தான் 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி 200 மைக்ரோ விநாடிக்குள் வந்து, வால்வின் இதழ் திரையில் அசையும்.

சுவீடனின் லுண்டில் 1953இல் இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் தேடச் செய்த கருவியைத்தான் இதயத்தின்மேல் வைத்தார்கள். ஈரிதழ் வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்று அறுவைக்கு முன்பே தெரியவேண்டும் என்பது எட்லரின் தேவை. கேள்வி மருத்துவரிடமிருந்து வந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

தாவரச் சூழலியலாளர்களும் அப்படியொரு கேள்வியோடுதான் எங்களிடம் வந்தார்கள். வறட்சியில் சைலம் குழாய்களுக்குள் நீர்த்தொடர் இழுபட்டு அறும்; அறும்போது சொடுக்கும். 1966இல் மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கில் அந்த அதிர்வுகளைப் பதிந்தார்கள். மீயொலியிலும் அது கேட்கும் என்பது பின்னர் தெரிந்தது. இதயத்துக்கு ஒலி அனுப்பிக் கேட்கிறோம். மரத்திடம் கேட்க மட்டும் செய்கிறோம். ஆனால் மரப்பட்டை மீயொலியை விழுங்கிவிடும். அதைச் சிறிது சீவி, கிரீஸ் தடவி, உணரியைச் சுருள்வில் பிடியால் அழுத்துகிறோம். தண்டு பகலில் மெலிந்து இரவில் பருப்பதால் அந்த அழுத்தம் மாறாமலிருக்க வேண்டும்.

ஒவ்வொரு சொடுக்கும் ஒரு நீர்க்குழாயின் இழப்பு என்று எண்ணிவிட முடியாது. நார்ச்செல்களிலிருந்தும் ஒலி வரும். எனவே சூழலியல் நண்பர்கள் கிளையை வெட்டி, நீர் எவ்வளவு ஓடுகிறது என்று தனியே அளக்கிறார்கள். எந்த அதிர்வெண்ணில் வரும் சொடுக்குகள் அந்த ஓட்டக் குறைவோடு ஒத்துப்போகின்றன என்று தேடி, அதற்கேற்ற தடிமனில் வில்லைகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம்.