மண்ணுக்குள் ஒரு நெற்றிச்சுட்டி

செம்பரம்பாக்கம் என்றதும் உங்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். எங்களுக்கோ மண் லாரிகள்! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை தொழிற்சாலைக்கும் வீட்டுக்குமாகப் பூமியைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மண்ணில் என்னவெல்லாம் இருக்குமென்று யோசித்ததுண்டா?

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டுக்குப் போனபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கற்காலக் கருவிகள், ரோமானிய ஜாடித் துண்டுகள், கண்ணாடி மணிகள், பொடிசாகப் பொன் நகைகள்கூடக் கிடைத்தன. நம் பக்கத்து ஊரில்!

அந்த ஆவலில் ஒரு விடுமுறையன்று பூந்தமல்லி வழியாக எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய்வந்தேன். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் நூறு வருஷத்துக்கு முன்பு தோண்டியெடுத்த பொருள்கள் இங்கேதான் வந்து சேர்ந்தன. முதுமக்கள் தாழிகள் நிறைந்த அந்த இடுகாட்டில் அவருக்குப் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. தாள் போல மெல்லிய தகடு. கட்டிக்கொள்ள முனைகளில் துளை. நம் நெற்றிச்சுட்டிக்குப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

தூரதேசத்திலும் இதே கதைதான். ஆயிரம் வருஷம் முன்பு கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவியப் பெண்கள், தலைத்துணியிலோ கூந்தலிலோ வெள்ளி வளையங்களைக் கோத்து, நெற்றியோரம் தொங்கவிட்டார்கள். காதில் போட்டதல்ல என்று எப்படித் தெரிந்தது? கல்லறையில் மண்டையோட்டின் இரு பக்கமும் அவை கிடந்த விதத்தால்தான். யாராவது முன்பே எடுத்து உருக்கியிருந்தால், இத்தனை தோலா வெள்ளி, அவ்வளவுதான்!

ஆகவே சகோதரிகளே, அஸ்திவாரம் தோண்டும்போது தாழியோ காசோ நகையோ தென்பட்டால், கழுவித் துலக்கி அடகுக்கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். வேலையை நிறுத்தச் சொல்லி, கிடந்த இடத்திலேயே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, தாசில்தாரிடமும் கலெக்டரிடமும் தெரிவியுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. சர்க்கார் எடுத்துக்கொண்டால் விலை கொடுக்கவும் அதில் வழி உண்டு. பயம் வேண்டாம்.

பொன் அன்றைக்கும் அருமைதான். அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், போய்விட்ட ஒருவரோடு மண்ணுக்குள் அனுப்ப யாருக்கோ மனசு வந்திருக்கிறதே! அதை எந்தத் தராசில் நிறுப்பது?